அஞ்சு சுரமும் ரெண்டு ஸட்ஜமும்

தமிழ் சினிமாவுல ஒருத்தருக்கு மனநிலை சரியில்லைன்னா டாக்டருக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சுடும். எப்படி? காதாலதான். வயலின் எல்லாம் ஒண்ணா சேர்ந்து கீச்ச்ச்சுனு மேல ஏறும். எங்கிருந்தோ ஒரு பெண் குரல் 'ஆஆஆ'ன்னு இழுக்கும். பியானோவோட கீழ்க்கட்டைங்க மேல யாரோ முழங்கையை வெச்சு அழுத்தின மாதிரி ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், பக்கத்து சீட்டு மாமி "அதுக்கு லூசு போல"ன்னு தீர்ப்பே சொல்லிடுவாங்க. 2005-ஆம் வருஷம் மட்டும் 'சந்திரமுகி', 'அந்நியன்'னு ரெண்டு பெரிய படம் இந்த வகையில. வித்யாசாகரும் ஹாரிஸ் ஜெயராஜும் நம்மளை நல்லா பயமுறுத்தினாங்க, நாமும் காசு குடுத்து பயந்தோம்.

என் கேள்வி சின்னது. மனநோய் உண்மையில அப்படித்தான் சத்தம் போடுமா? போடாதுன்னா, அதை இசையில எப்படி எழுதறது?

இந்தக் கேள்வி ஒரு பி.காம். மூணாம் வருஷத்து ஆளுக்கு எதுக்குன்னு நீங்க கேக்கலாம். எனக்கும் இசைக்கும் உள்ள தொடர்பு ரெண்டே ரெண்டு. ஒண்ணு, சின்ன வயசுல மயிலாப்பூர்ல ஒரு பாட்டு டீச்சர்கிட்ட ஆறு வருஷம் கத்துக்கிட்டது. இன்னொண்ணு, மார்கழி மாசம் சபா கேன்டீன்ல சாப்பிடறது. ரெண்டாவதுல எனக்கு ஞானம் ஜாஸ்தி :-) ஆனா என்கூட கடைசி பெஞ்சுல உக்கார்ற ஒருத்தன் இருக்கான். காலைல என்னை மாதிரியே காஸ்ட் அக்கவுண்டிங்ல கொட்டாவி விடுவான். சாயங்காலம் ஆனா மேற்கத்திய செவ்வியல் இசை எழுதக் கத்துக்கறான். அவனுக்கு ஒரு வேலை குடுத்திருக்காங்க: பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் எழுதணும். அதாவது ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. தலைப்பு அவன் இஷ்டம். அவன் எடுத்துக்கிட்டது மனச்சிதைவு, ஸ்கிசோஃப்ரினியா.

முதல் வடிவத்தை அடையார்ல ஒரு டீக்கடை வாசல்ல வெச்சு ஹெட்போன்ல போட்டுக் காட்டினான். மியூஸ்ஸ்கோர்னு ஒரு இலவச மென்பொருள், எழுதினதை அதுவே வாசிச்சுக் காட்டும். வில்லோட மரப்பக்கத்தால தந்தியை அடிக்கறது, பக்கத்துப் பக்கத்து சுரங்களை ஒரே நேரத்துல அமுக்கறது, நாலு பேரும் நாலு தாளத்துல ஓடறது, கடைசியில ஒரு பெரிய கீச்சு. கேட்டு முடிச்சுட்டு, "பேய்ப் படம் மாதிரி இருக்குடா மச்சி"ன்னேன். அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. "அப்ப எப்படித்தான் இருக்கணும்? நீ சொல்லு"ன்னான்.

அப்படி நான் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார். அவரைப் பத்தி கொஞ்சம் கழிச்சு சொல்றேன். அதுக்கு முன்னாடி என் நண்பனுக்கு நியாயம் செய்யணும். அவன் எழுதின அந்தக் கீச்சு அவன் கண்டுபிடிச்சதில்லை. அது கிட்டத்தட்ட 200 வருஷத்துப் பழக்கம்.

1835-ல இத்தாலியில நேப்பிள்ஸ் ஊர்ல டோனிசெட்டியோட 'லூசியா டி லாம்மர்மூர்' ஆப்பரா அரங்கேறிச்சு. கட்டாயக் கல்யாணம் பண்ணி வெச்ச பொண்ணு முதல் ராத்திரியில புருஷனைக் குத்திட்டு, ரத்தம் பட்ட உடையோட வெளிய வந்து பாடுவா. ஆப்பரா உலகத்துல ரொம்பப் பிரபலமான பைத்தியக் காட்சி அது. அதுக்கு டோனிசெட்டி முதல்ல எழுதின துணைவாத்தியம் கிளாஸ் ஹார்மோனிகா. கண்ணாடிக் கிண்ணங்கள் சுழலும், ஈர விரலால தொட்டா ஒரு மாதிரி உடம்பு சிலிர்க்கற ஒலி வரும். அதை வாசிச்சா, கேட்டா புத்தி பேதலிச்சுடும்னு அந்தக் காலத்து ஐரோப்பாவுல ஒரு நம்பிக்கையே இருந்துச்சு. கடைசியில வாசிக்க வேண்டியவருக்கும் தியேட்டருக்கும் தகராறு வந்து, அந்தப் பகுதியைப் புல்லாங்குழலுக்கு மாத்தி எழுதினார். இன்னிக்கும் நிறைய மேடையில புல்லாங்குழல்தான்.

சிரிக்காதீங்க, நம்ம ஊர்லயும் இதே கதை உண்டு. ஆஹிரி ராகம் பாடினா அன்னிக்கு சோறு கிடைக்காதுன்னு பெரியவங்க சொல்வாங்க. 1993-ல வந்த மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'ல, அதாவது 'சந்திரமுகி'யோட மூலக்கதையில, எம்.ஜி. ராதாகிருஷ்ணன் ஒரு பாட்டுக்கு அந்த ஆஹிரியைத்தான் எடுத்தார். பயப்படற வாத்தியத்தை அங்க எடுத்தாங்க, பயப்படற ராகத்தை இங்க எடுத்தாங்க. பாட்டு ரெண்டுமே அழகு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டுலயும் இசை நிக்கற இடம் ஒண்ணுதான்: கதவுக்கு வெளிய. உள்ள இருக்கறவங்களைப் பார்த்து 'ஐயோ'ன்னு சொல்ற இடம்.

இருபதாம் நூற்றாண்டுல இதை உடைக்கப் பார்த்த ஒரு படைப்பு இருக்கு. பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் எழுதின 'எய்ட் சாங்ஸ் ஃபார் எ மேட் கிங்'. 1969 ஏப்ரல்ல லண்டன்ல அரங்கேறிச்சு. இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜுக்கு மனநிலை குழம்பினது சரித்திரம். அவர்கிட்ட எட்டு மெட்டு வாசிக்கற ஒரு குட்டி இயந்திர ஆர்கன் இருந்துச்சு. அதை வெச்சு தன்னோட கூண்டுக் குருவிகளுக்குப் பாட்டு சொல்லித்தர முயற்சி பண்ணுவாராம். டேவிஸ் அதையே மேடையாக்கினார். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ வாசிக்கற நாலு பேரும் கூண்டுக்குள்ள. ராஜாவா வர்ற பாடகர் நாலு ஸ்தாயிக்கு மேல கத்தணும், முனகணும், ஊளையிடணும். வரிகள்ல ராஜா நிஜமா பேசின வாக்கியங்களும் கலந்திருக்கு. ஏழாவது பாட்டுல அவர் கூண்டுக்குள்ள கையை விட்டு வயலினைப் பிடுங்கி உடைச்சே போடுவார்.

நானும் நண்பனும் அரை மணி நேரம் அசையாம பார்த்தோம். "இது உள்ள இருந்து எழுதினதுடா"ன்னான் அவன். எனக்குப் பாதிதான் ஒத்துக்க முடிஞ்சுது. அந்த ராஜா மேல பரிதாபம் வருது, சரி. ஆனா கூண்டு அங்க ஒரு உருவகம். நம்ம ஊர்ல அது உருவகம் இல்ல.

ஒரு கணக்கு பாருங்க. சென்னையோட அரசு மனநல மருத்துவமனை ஆரம்பிச்சது 1794-ல. அதே மூணாம் ஜார்ஜ் ராஜாவா இருந்த காலம், கிழக்கிந்தியக் கம்பெனியோட ஆட்சி. 1871-ல அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்துச்சு. அதுல இருந்து ஒரு ஊர்ப் பேரே வசவாயிடுச்சு. நம்ம காலேஜ்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை "கீழ்ப்பாக்கம் கேஸ்"ங்கற வார்த்தை காதுல விழுதுன்னு எண்ணிப் பாருங்க. அதே ஆஸ்பத்திரியில 1961-ல முதல் பெண் கண்காணிப்பாளரா வந்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர். அவங்க 1984-ல ஸ்கார்ஃப் அமைப்பை ஆரம்பிச்சு, மனச்சிதைவு இருக்கறவங்களுக்கு சிகிச்சையோட நிக்காம வேலை, பயிற்சி, மறுவாழ்வுன்னு பாடுபட்டு, 2021-ல காலமானாங்க. அந்தப் பேரு நம்ம வகுப்புல எத்தனை பேருக்குத் தெரியும்? 'கீழ்ப்பாக்கம்' ஜோக் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு தேதி. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியற்காலைல ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில தீப்பிடிச்சுது. சங்கிலியால கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியால கட்டறதை நேரடியாவே தடை பண்ணுது. அப்படி ஒரு வரி சட்டத்துல எழுத வேண்டியிருந்துச்சுன்னா நிலைமை என்னன்னு யோசிச்சுக்கோங்க. ஏர்வாடி நடந்த மாநிலத்துல உக்காந்து குவார்ட்டெட் எழுதறவன் பயத்தை எழுதினா, ஏற்கெனவே இருக்கற பயத்தோட இன்னும் ஒரு பிடி சேர்க்கறான். அதனாலதான் எனக்கு அந்தக் கீச்சு பிடிக்கல.

இத்தனைக்கும் நமக்குப் பித்துங்கற வார்த்தை மேல வெறுப்பு கிடையாது. சுந்தரர் திருவெண்ணெய்நல்லூர்ல பாடின முதல் பதிகமே சிவபெருமானைப் பித்தன்னு கூப்பிட்டுத்தான் தொடங்குது. பண் இந்தளம். கபாலீஸ்வரர் கோயில்ல ஓதுவார் அதைப் பாடினா எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பறோம். சாமிக்குப் பித்துன்னா தேவாரம். மாடி அறையில இருக்கற மாமாவுக்குன்னா, சொந்தக்காரங்க வரும்போது மாடிக் கதவைச் சாத்து.

சரி, இப்ப மாமாவைப் பத்தி. (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேரைப் போடாதே, மத்தபடி உன் இஷ்டம்"னார்.)

அம்மாவோட அண்ணன். ஒரு அச்சகத்துல கணக்கு எழுதிட்டிருந்தவர். 26 வயசுல ஆரம்பிச்சது. கத்தல் கிடையாது, உடைக்கல் கிடையாது, சினிமாவுல வர்ற எதுவும் கிடையாது. எங்க தெரு முனையில போற பஸ் நம்பரெல்லாம் தனக்கு வர்ற சேதின்னு அவருக்குத் தெரிய ஆரம்பிச்சுது. 29சி ரெண்டு அடுத்தடுத்து வந்தா ஒரு அர்த்தம், நடுவுல 12பி வந்தா வேற அர்த்தம். இப்ப வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடறார், ராத்திரி 9 மணிக்கு, யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். பெரும்பாலான நாள் குளத்தைச் சுத்தி நடந்துட்டு, காய்கறி வாங்கிட்டு, பேப்பர் படிச்சுட்டு சாதாரணமா போகும். சில நாள் மட்டும் பஸ் திரும்ப பேச ஆரம்பிக்கும்.

அவர்கிட்ட நோட்டுப் புத்தகங்கள் இருக்கு. நீளமான கணக்கு நோட்டு, சிவப்புக் கோடு போட்டது. தேதி, நேரம், பஸ் நம்பர், ஒரு மதிப்பு, கூட்டுத்தொகை. அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோன தொகை, முந்தின பக்கத்துல இருந்து கொண்டுவந்த தொகை. ஒரு தடவை உக்காந்து நாலு பக்கம் சரிபார்த்தேன், நம்ம பாடமாச்சே. ஒரு கூட்டல் தப்பு இல்ல. ஒரு அடித்தல் இல்ல. என்னோட ஆடிட்டிங் அசைன்மென்ட்டைவிட சுத்தம். எல்லாம் சரி, முதல் பக்கத்து முதல் வரி மட்டும் நம்ம யாருக்கும் இல்லாத ஒரு ஆரம்ப இருப்பு. அதை ஒத்துக்கிட்டா அதுக்கப்புறம் எழுதியிருக்கற ஒவ்வொரு பதிவும் ஒழுங்கா வந்து உக்காருது.

மனச்சிதைவு எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நான் சொல்லல. சிலருக்கு யோசனையே கோர்வையா வராது, சிலருக்குக் குரல் கேக்கும், சிலர் பேசறதையே குறைச்சுடுவாங்க. எனக்குத் தெரிஞ்சது எங்க மாடி அறை மட்டும்தான்.

நண்பன் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தான். மாமாகிட்ட அந்த முதல் வடிவத்தைப் போட்டுக் காட்டலாமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டான். மாமா ஹெட்போனை மாட்டிக்கிட்டு முழுசா கேட்டார். கழட்டி மடிச்சு வெச்சுட்டு சொன்னார்: "நல்லா உழைச்சிருக்கீங்க தம்பி. ஆனா அது வரும்போது சத்தமே இருக்காது. எல்லாம் ரொம்பத் தெளிவா இருக்கும். சத்தம் மத்தவங்க போடறது."

அன்னிக்கு ராத்திரி அவன் தன்னோட 140 பார் இசையையும் அழிச்சுட்டான்.

இதுக்கு மேற்கத்திய இசையிலயே ஒரு சாட்சி இருக்குன்னு அவன்தான் கண்டுபிடிச்சு வந்தான். ராபர்ட் ஷூமன். 1854 பிப்ரவரியில அவர் காதுல முதல்ல ஒரே ஒரு சுரம் விடாம கேக்க ஆரம்பிச்சுது. அப்புறம் முழு இசையே கேட்டுது. பிப்ரவரி 17 ராத்திரி எழுந்து, தேவதைங்க சொல்லித்தந்ததுன்னு ஒரு மெட்டை எழுதி வெச்சார். அடுத்த நாளே தேவதைங்க பிசாசா மாறிட்டாங்கன்னு அவரோட மனைவி கிளாரா நாட்குறிப்புல எழுதியிருக்காங்க. அந்த மெட்டுக்கு அவர் வேரியேஷன்ஸ் எழுதிக்கிட்டு இருக்கும்போதே, பிப்ரவரி 27 அன்னிக்கு வீட்டை விட்டுப் போய் ரைன் ஆத்துல குதிச்சார். காப்பாத்திட்டாங்க. அப்புறம் பான் நகரத்துக்குப் பக்கத்துல எண்டனிச்ங்கற இடத்துல இருந்த மனநலக் காப்பகத்துல ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்து, 1856 ஜூலையில இறந்தார். அந்த 'கோஸ்ட் வேரியேஷன்ஸ்' முழுசா அச்சுல வந்தது 1939-லதான்.

இப்ப அந்த மெட்டைத் தேடிக் கேளுங்க. ஒரு மனுஷனோட வாழ்க்கையிலேயே மோசமான பத்து நாள்ல எழுதினது. ஒரு கீச்சு இல்ல, ஒரு குழப்பம் இல்ல. சர்ச்சுல பாடற மாதிரி மெதுவா, அமைதியா, ரொம்ப ஒழுங்கா இருக்கும். சோகமான விஷயம் என்னன்னா, சில மாசம் முன்னாடி எழுதின வயலின் கன்சர்ட்டோவுல அவரே அதே சாயல்ல ஒரு மெட்டு போட்டிருக்கார். வெளிய இருந்து வந்ததா அவர் நினைச்சது அவரோடதேதான். மாமா சொன்ன 'தெளிவு' இதுதானோன்னு எனக்குப் பட்டுது.

அந்த ஒரே சுரம் விஷயமும் என்னைக் கொஞ்ச நாள் தூங்க விடல. ஷூமனுக்கு விடாம கேட்ட ஒரு சுரம் நரகம். நமக்கு விடாம கேக்கற ஒரு சுரம் இல்லாம கச்சேரியே ஆரம்பிக்காது. மயிலாப்பூர்ல சாயங்காலம் ஏதாவது ஒரு தெருவுல நடந்தா, யார் வீட்டு ஜன்னல்ல இருந்தாவது சுருதிப்பெட்டி ஒலிக்கும். வித்தியாசம், அந்த சுரத்தை நாலு பேரும் சேர்ந்து கேக்கறோம். அவர் தனியா கேட்டார்.

தமிழ்ல இதை உள்ள இருந்து செஞ்சவங்க இல்லையான்னா, இருக்காங்க. 1968-ல மெட்ராஸ் வந்து மயிலாப்பூர்ல தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை கத்துக்கிட்ட ஒருத்தர் 1991-ல 'குணா'வுக்கு இசை போட்டார். அந்தக் கடிதப் பாட்டை ஞாபகப்படுத்திக்கோங்க. அவன் சாதாரணப் பேச்சுல தட்டித் தடுமாறி சொல்றான், அவ அதை மெட்டுல படிச்சுக் காட்டறா. இசை அவன் தலைக்கு மேல நின்னு 'இவன் பைத்தியம்'னு அறிவிக்கல. அவன் பேச்சுக்குள்ள ஏற்கெனவே இருந்த பாட்டை எடுத்து நம்ம கையில குடுக்குது. கீச்சு வயலின் அங்க என்ன பண்ணியிருக்கும்னு யோசிச்சா வித்தியாசம் புரியும். இன்னொரு கோடியில 2011-ல கௌதம் மேனனோட 'நடுநிசி நாய்கள்'. பாட்டு மட்டும் இல்ல, பின்னணி இசையே இல்லாம எடுத்த படம். ஆனா குவார்ட்டெட் எழுத வேண்டியவன் இசையே வேண்டாம்னு விட முடியாதே.

வழி கடைசியில பாட்டு டீச்சர் சொல்லிக்குடுத்ததுல இருந்து கிடைச்சுது. கிரகபேதம். தமிழிசையில பண்ணுப்பெயர்த்தல்னு இதுக்குப் பழைய பேர். இசை தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லப் பார்க்கறேன்.

மோகன ராகத்துக்கு அஞ்சே சுரம்: ஸ ரி க ப த. கீபோர்டு இருந்தா கறுப்புக் கட்டைங்களை மட்டும் வாசிச்சுப் பாருங்க, அந்த அஞ்சு வந்துடும். அந்தச் சுரங்கள்ல ஒண்ணைக்கூட மாத்தாதீங்க. ஆனா எது 'ஸ', அதாவது எது வீடு, எங்கிருந்து கிளம்பி எங்க வந்து நிக்கறோம், அதை மட்டும் நகர்த்துங்க. ரிஷபத்தை ஸட்ஜமா வெச்சா அது மத்யமாவதி. காந்தாரத்தை வெச்சா ஹிந்தோளம். பஞ்சமத்தை வெச்சா சுத்த சாவேரி. தைவதத்தை வெச்சா சுத்த தன்யாசி. ஒரு சுரம் கூடல, ஒரு சுரம் குறையல. உலகமே வேற. ஜி.என்.பி. மாதிரி பெரியவங்க ஆலாபனை நடுவுல இதை ஒரு மின்னல் மாதிரி காட்டிட்டு, உடனே வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. சபை கைதட்டும்.

நான் நண்பன்கிட்ட சொன்னது இதுதான்: மாமாவோட நோட்டுல ஒரு சுரமும் அபசுரம் இல்லடா. ஸட்ஜமம் மட்டும் வேற.

அவன் அதைப் பிடிச்சுக்கிட்டான். புது வடிவம் இப்படி: செல்லோ 'ஸ'வைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்குது, தம்புரா மாதிரி. முதல் வயலின் அதுக்கு மேல மோகனத்தை வாசிக்குது. சுகமா, வெயில் காய்ஞ்ச மாதிரி. ரெண்டாவது வயலினும் அதே அஞ்சு சுரம்தான், ஆனா ஒவ்வொரு பிடியையும் காந்தாரத்துல கொண்டுபோய் நிறுத்துது. தனக்குள்ள அது ஹிந்தோளம் வாசிக்குது. கேக்கற நமக்கு எதுவும் தப்பா தெரியாது, ஆனா இந்த ஆள் ஏன் எப்பவும் தப்பான இடத்துல வந்து நிக்கறான்னு உறுத்தும். வியோலா ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடுது. அது எங்கம்மா, அவன் சொல்லாமலே எனக்குத் தெரிஞ்சுது.

ஆறாவது நிமிஷத்துல செல்லோ மெதுவா, யாருக்கும் தெரியாம, 'ஸ'வை விட்டு 'க'வுக்கு நகருது. மத்தவங்க வாசிக்கறதுல ஒரு சுரம் மாறல. ஆனா இப்ப ரெண்டாவது வயலின் சொன்னதெல்லாம் நூத்துக்கு நூறு சரி, முதல் வயலின்தான் எங்கயோ தொலைஞ்ச மாதிரி கேக்குது. மொத்தமே ஒரு நிமிஷம். கேட்டப்போ எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. பயத்துல இல்ல. அந்த நோட்டுப் புத்தகத்தோட முதல் வரியை முதல் தடவையா நானே எழுதின மாதிரி இருந்துச்சு.

அப்புறம் செல்லோ திரும்ப 'ஸ'வுக்கு வந்துடும். எல்லாரும் மோகனத்துல சேர்ந்து முடிப்பாங்க. சிகிச்சை, குணம், சுபம்.

மாமாவுக்குப் போட்டுக் காட்டினோம். செல்லோ நகர்ற இடத்துல அவர் விரல் மடியில தாளம் போட ஆரம்பிச்சுது. முடிஞ்சதும் ஹெட்போனைக் கழட்டாமலே கேட்டார், "ஏன் தம்பி திருப்பிட்டீங்க?"

நண்பன்கிட்ட பதில் இல்ல. என்கிட்டயும் இல்ல. அடுக்களையில இருந்து அம்மாதான் பதில் சொன்னாங்க: "திரும்பணும்ணா. திரும்பாட்டி நாங்க என்ன பண்றது?" மாமா ஒண்ணும் சொல்லல. மணி 9 ஆகியிருந்துச்சு. எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தார்.

இங்கதான் இப்ப சண்டை. அம்மா கட்சிக்கு முடிவு 'ஸ'வுல. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. மாத்திரை நிறுத்தின ஒரு வருஷத்துல மாமா மூணு நாள் சாப்பிடாம தெரு முனையிலேயே நின்னதைப் பார்த்தவங்க அவங்க. அந்தத் தெளிவுக்கு யார் விலை குடுக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். மனநோயை அழகான வேற ஒரு ராகம்னு சொல்லிட்டுப் போறதும் இன்னொரு வகைப் பொய். சுந்தரரோட பித்தன் சாமி, மாமா சாமி இல்ல. அவருக்குப் பசிக்கும், வயசாகும், மாத்திரையால கை லேசா நடுங்கும். ஆனா எல்லாரும் மோகனத்துல சேர்ந்து சிரிச்சுக்கிட்டே முடிச்சா, அந்த ரெண்டாவது வயலின் இவ்வளவு நேரம் வாசிச்சது என்ன, தப்பா? கச்சேரியில வித்வான் கிரகபேதம் பண்ணிட்டு வீட்டுக்குத் திரும்பறார்னா, திரும்பறது அவர் கையில இருக்கு. மாமா கையில அது பாதிதான்.

போன வாரம் நண்பன் மூணாவதா ஒரு முடிவோட வந்தான். கடைசியில செல்லோ ரெண்டு தந்தியை ஒரே நேரத்துல வாசிக்கும். ஒண்ணு 'ஸ', ஒண்ணு 'க'. ரெண்டு வயலினும் அவங்கவங்க வீட்டுல நிப்பாங்க. "உறுத்தாதா?"ன்னு கேட்டேன். "உன் பாட்டு டீச்சரைக் கேளு"ன்னான். அப்பதான் எனக்கு உறைச்சுது. நல்லா சுருதி சேர்த்த தம்புராவுல ஸட்ஜமத் தந்தியை மட்டும் மீட்டினாலும், யாருமே வாசிக்காத அந்தர காந்தாரம் அதுக்குள்ள இருந்து லேசா கேக்கும். டீச்சர் அதைக் கேக்கச் சொல்லியே எங்களைப் பத்து நிமிஷம் சும்மா உக்கார வெப்பாங்க. மோகனத்துல வர்றதும் அதே காந்தாரம்தான்.

மாமா இதை இன்னும் கேக்கல. இந்த வாரம் அவருக்குக் கொஞ்சம் சரியில்லாத வாரம், ஜன்னல் பக்கமே உக்காந்திருக்கார். பொறுத்துதான் கேக்கணும். அம்மாவுக்கு ரெண்டு தந்தி விஷயத்தை விளக்கினேன். "அப்ப திரும்புதா, திரும்பலையா? ஒழுங்கா சொல்லு"ன்னாங்க. சொல்லத் தெரியல. நீங்க எந்தக் கட்சின்னு யோசிச்சு வைங்க.

அதுக்கு முன்னாடி ஒரு அவசர விஷயம். கம்ப்யூட்டர் வாசிக்கறது போதாது, மனுஷங்க வாசிக்கணும்னு நண்பன் பிடிவாதம். வயலினுக்கு மயிலாப்பூர்ல தடுக்கி விழுந்தா ஆள் கிடைக்கும். ரெண்டு பேர் சரின்னு சொல்லிட்டாங்க, வியோலாவுக்கும் ஒருத்தர் பார்த்தாச்சு. செல்லோதான் சிக்கல். பத்து நிமிஷம் பெரும்பாலும் ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும், நடுவுல ஒரே ஒரு தடவை நகரணும், அந்த நகர்றது யாருக்கும் தெரியக் கூடாது. பொறுமையான ஆள் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. சம்பளம் கிடையாது, ஆனா எங்க வீட்ல ஒத்திகை, அம்மா கையால அடை-அவியல் நிச்சயம்.